மெனு கார்டில் கிடைக்காத ஆங்கிலம்

திருப்பூரில் கொஞ்ச நாள் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் கதை ஒன்று உண்டு. ஆள் பெயர் மட்டும் தெருவுக்குத் தெரு மாறும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக, சேர்ந்தவர், டைலராகி, கடன் வாங்கி நாலு மெஷின் போட்டு முதலாளியானவர். ஒருநாள் வெளிநாட்டு பையர் வந்து இறங்குகிறார். இவர் தயங்காமல் அவரைச் சாப்பிடக் கூட்டிப் போகிறார். அடுத்த வருஷம் இவரே ஐரோப்பா போகிறார், பெயர் தெரியாத பண்டத்தையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறார். அந்தப் பேச்சிலேயே இங்கிலீஷ் வந்துவிடுகிறது. "அவரு எந்த கிளாசுக்குப் போனாருங்க? வாயத் தொறந்து பேசுனாரு, வந்துருச்சு."

இந்தக் கதை இப்போது அறிவுரையாகிவிட்டது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும், யூடியூபிலும், கல்லூரி வேலைவாய்ப்புப் பயிற்சியிலும் இதே பேச்சுதான். புது ரெஸ்டாரண்டுக்குப் போ. தெரியாத உணவை ஆர்டர் பண்ணு. அதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று வெயிட்டரிடம் ஆங்கிலத்தில் கேள். கூச்சம் போகும், வார்த்தை சேரும், மொழி தானாக வரும். 'ஹோட்டலில் உரையாடல்' என்று ஒரு பக்கம் இல்லாத ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

இதை நான் ஏற்கவில்லை. பையரிடம் ஆர்டர் வாங்கி முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசிங் வேலையில் நெடுநாள் இருந்து, இப்போது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த அறிவுரை நல்ல பிள்ளைகளின் நேரத்தையும் காசையும் வீணடிக்கிறது. அதைவிடப் பெரிய கெடுதல், ஆங்கிலம் வராததற்குக் காரணம் தங்கள் கோழைத்தனம்தான் என்று அவர்களை நம்ப வைக்கிறது.

முதலில் அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி திருப்பூர் வந்ததைத்தான் நம் ஏற்றுமதியின் தொடக்கமாகச் சொல்கிறோம். 1981-இல் ஐரோப்பியக் கடைநிறுவனமான சி அண்ட் ஏ இங்கிருந்து வாங்கத் தொடங்கியது. வெரோனா நேராக நொய்யல் கரைக்கு வந்து இறங்கிவிடவில்லை. மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத்தான் வந்தார். அதாவது, அந்த மேசையில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், கடன் உறுதிப் பத்திரம் படிக்கவும், கப்பல் ஆவணம் தயாரிக்கவும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் இருந்தார். கதை சொல்கிறவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, வந்தவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. இரண்டு பேருக்கும் அரைகுறையான ஒரு மொழியில் விலை, கலர், பீஸ், தேதி என்ற நாலைந்து விஷயம் பேசினார்கள். துணி கையில் இருந்தது, கால்குலேட்டர் மேசையில் இருந்தது. பேச்சு நடந்ததற்குக் காரணம் அவர் வாங்க வந்திருந்தார், இவரிடம் சரக்கு இருந்தது என்பதுதான்.

திருப்பூர் முதலாளிகளில் கணிசமானோர் தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்கள் என்பது உண்மை. ஷரத் சாரி தம் ஆய்வு நூலில் அந்த உழைப்பின் வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்கள் மேலே வந்தது உழைப்பாலும், உறவுக்குள் கிடைத்த கடனாலும், நூலையும் துணியையும் கைவிரலால் அறிந்ததாலும். ஆர்டர் கொடுக்கும் இடத்தில் இருப்பவருடைய அரைகுறை ஆங்கிலத்துக்கு எதிராளி காத்திருப்பார், புரியவில்லை என்றால் திரும்பச் சொல்வார். அதே அரைகுறை ஆங்கிலத்தை இன்டர்வியூவுக்கு வந்த பெண் பேசினால் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். முதலாளியின் தைரியத்துக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் சரக்கு நின்றது. அந்தப் பெண்ணிடம் வெறும் தைரியத்தை மட்டும் கேட்பது நியாயமில்லை.

இனி ரெஸ்டாரண்டுக்கு வருவோம். அங்கே உண்மையில் எவ்வளவு ஆங்கிலம் பேசப்படுகிறது? அவிநாசி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். பரிமாறுகிற பையன் பெரும்பாலும் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தவன். அவனுக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை, சாப்பிட வந்தவனுக்கும் இல்லை. வந்தவன் மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான். பையன் "ஓகே சார்" என்கிறான். அப்புறம் விரல் மெனுவில் உள்ள படத்தைத் தொடுகிறது. ஸ்பைஸியா என்று ஒரு கேள்வி, மீடியம் என்று ஒரு பதில். கடைசியில் பில். இப்போது மேசையில் க்யூஆர் கோடு ஒட்டிவிட்டார்கள், அந்தப் பேச்சும் தேவையில்லை. வாடிக்கையாளர் வாய் திறக்காமலே வேலை முடிய வேண்டும் என்று திட்டமிட்டு அமைத்த இடம் அது. அங்கே போய் மொழி கற்றுக்கொள் என்று அனுப்புகிறோம்.

மெனுவில் இருக்கிற வார்த்தைகளாவது ஆங்கிலமா என்றால் அதுவும் இல்லை. பாஸ்தா, லசான்யா, மோமோ, ஷவர்மா, சூஷி என்று எல்லாம் வெவ்வேறு நாட்டுப் பண்டங்களின் பெயர். சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. ஊத்துக்குளி வெண்ணெயும் அரிசிம்பருப்பு சாதமும் அறிந்த நாக்கு வேறு ருசிகளையும் அறியட்டும். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது மனிதரைப் பண்படுத்தும் என்பதையும் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் போங்கள். ஆங்கிலத்துக்காகப் போகாதீர்கள்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு நண்பர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் நம் ஊர் பேக்கரியில் நின்று டீ குடித்துக்கொண்டே தமிழ் கற்றுக்கொள்ளவில்லையா? சாப்பாட்டோடு மொழி வருவதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

வருகிறது, உண்மைதான். பேக்கரியில் "அண்ணா, ஒரு டீ, ரெண்டு பன்" என்று தொடங்கிய பையன் ஒரே வருஷத்தில் சூப்பர்வைசரோடு கூலிக்கு வாதாடுகிறான். ஆனால் டீ குடித்ததால் அது வரவில்லை. பேக்கரிக்கு வெளியேயும் தமிழ்தான். லைனில் தமிழ், வாடகை கேட்கும் வீட்டுக்காரம்மா தமிழ், பஸ் கண்டக்டர் தமிழ், மருந்துக்கடை தமிழ். பேக்கரியில் கேட்ட வார்த்தை அன்றைக்கே இன்னும் பல இடத்தில் அவன் காதில் விழுகிறது, தெரியாவிட்டால் அவனுக்கு நஷ்டம். நம் பிள்ளை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் ஆங்கிலம் உள்ளேயே நின்றுவிடுகிறது. அடுத்த ஞாயிறு வரை அந்த வார்த்தைக்கு வேலை இல்லை.

திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையையும் சாட்சிக்கு அழைப்பார்கள். நைஜீரிய வியாபாரிகள் செகண்ட்ஸும் மிச்சச் சரக்கும் வாங்க வந்துபோன காலத்தில், அங்கே பள்ளிப்படிப்பைத் தாண்டாத கடைக்காரர்களும் ஆங்கிலத்தில் பேரம் பேசினார்கள். நானே பார்த்து வியந்திருக்கிறேன். அந்த ஆங்கிலம் எங்கே கற்றது? பேல் மேல் உட்கார்ந்து கற்றது. சைஸ், கலர், டேமேஜ், பீஸ் விலை, கிலோ விலை, எப்போது லாரி என்று அதே சொற்கள் தினமும் திரும்பத் திரும்ப வந்தன. தவறாகப் புரிந்துகொண்டால் பணம் போனது. ஆகவே காதர்பேட்டை என் பக்கத்துச் சாட்சி. வேலை நடக்கும் இடத்தில், வேலையின் சொற்களை, திரும்பத் திரும்பக் கேட்டால் வரும் என்பதைத்தான் அது காட்டுகிறது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. பேரத்தில் புலியாக இருந்தவர்கள் பலர், ஒரு பேங்க் படிவம் வந்தால் பக்கத்து ஆடிட்டர் ஆபீசுக்குத்தான் ஓடினார்கள்.

சொல் எப்படி மனதில் தங்குகிறது என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டறிந்ததும் மெனு கார்டுக்குச் சாதகமாக இல்லை. 1993-இல் தாமஸ் டின்காம் ஒரு சோதனை செய்தார். ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களை, உதாரணமாகச் சட்டை, ஜாக்கெட், ஸ்வெட்டர் போன்றவற்றை, ஒரு தொகுப்பாகக் கற்றவர்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்களைக் கற்றவர்களைவிடச் சிரமப்பட்டார்கள். ஒன்றோடொன்று குழம்பிப்போவதுதான் காரணம். 1997-இல் ராப் வேரிங் ஜப்பானியர்களிடம் இதையே செய்து பார்த்தார், அதே முடிவு வந்தது. மெனு கார்டு என்பது ஒரே இனச் சொற்களின் பட்டியல்தானே? புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குப் பன்னிரண்டு சாஸ் பெயர்களை ஒரே மூச்சில் கொடுத்தால் ஒன்றும் தங்காது.

எத்தனை சொல் வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. சொல்வளம் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, பிறர் உதவியின்றி ஒரு நாவலோ செய்தித்தாளோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் வெவ்வேறு வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். அதில் முதல் இரண்டாயிரம்தான் பக்கத்துக்குப் பக்கம் வருபவை. முன்னால், பின்னால், தவிர, வரை, குறைந்தபட்சம், இருந்தால் மட்டும் என்று பொருள்படும் சின்னச் சின்னச் சொற்கள் இவற்றில் அடங்கும். சாப்பாட்டு மேசையில் அந்தச் சின்னச் சொற்களுக்கு இடமே இல்லை. நம் பிள்ளைகள் சறுக்கி விழுவது இங்கேதான்.

ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் நல்ல சூட்டிப்பு, கூச்சமே இல்லாதவன், வெளிநாட்டு ஆள் வந்தால் அவன்தான் கூடப் போய்ச் சாப்பிட்டுப் பேசிச் சிரித்து அனுப்பி வைப்பான். தயாரிப்பு தொடங்குமுன் ஒப்புதலுக்கு அனுப்பும் பிபி சாம்பிளுக்கு பையரிடமிருந்து மெயில் வந்தது. 'அப்ரூவ்டு, சப்ஜெக்ட் டு தி கமெண்ட்ஸ் பிலோ' என்று முதல் வரி. கீழே, கழுத்து ரிப் அகலத்தை அரை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், ஆர்ம்ஹோல் இறுக்கமாக இருக்கிறது என்று இரண்டு திருத்தம். பையன் 'அப்ரூவ்டு' என்ற சொல்லைப் பார்த்தான், அன்றைக்கே கட்டிங்குக்கு ஷீட் கொடுத்துவிட்டான். கீழே உள்ளதைச் சரிசெய்தால் மட்டுமே ஒப்புதல் செல்லும் என்ற நிபந்தனை 'சப்ஜெக்ட் டு' என்ற அந்த நடுச்சொல்லில் இருந்தது. அந்தச் சொல்லை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தைத்ததைப் பிரித்து, மறுபடி வெட்டி, கப்பலை விட்டு, கடைசியில் கம்பெனிச் செலவில் விமானத்தில் சரக்கு போனது. அந்த ஆர்டரின் லாபம் அதோடு போயிற்று. அவனிடம் தைரியக் குறை எதுவும் இருக்கவில்லை என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன்.

செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். இறுதி ஆய்வுக்கு ஏ.க்யூ.எல். (எத்தனை பிழை வரை ஏற்கலாம் என்ற தர வரம்பு) 2.5 என்ற அளவு பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. சாதாரண ஆய்வு நிலையில், 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் பிழை ஏழு வரை இருந்தால் லாட் பாஸ், எட்டாகிவிட்டால் ஃபெயில். மைனர் பிழைக்கு 4.0 என்று வைத்தால் பத்து வரை இடம் உண்டு. ஸ்கிப் ஸ்டிச் தையல் ஓரத்தில் விழுந்தால் எதில் சேரும், நெஞ்சுப் பக்கத்தில் ஊசி அறுத்த ஓட்டை விழுந்தால் எதில் சேரும் என்பது பையரின் கையேட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். மேசையில் நிற்கும் பெண்ணுக்குக் குறை தெரியும். இருபது அடி தூரத்தில் இருந்தே ஷேடு மாறினதைச் சொல்லிவிடுவாள். அது எந்தக் கட்டத்தில் விழும் என்று படிக்க மட்டும் தெரியாது. ஆகவே சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறாள், சூப்பர்வைசர் க்யூ.சி.யைக் கூப்பிடுகிறார். வெளியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் எட்டாவது பிழையை மேஜரில் குறித்தால், 'அது மைனர்' என்று அந்தப் பக்கத்தைக் காட்டி வாதாட அவளால் முடியாது. அவள் கண்ணுக்குத் தெரிந்த உண்மை காகிதத்தில் தோற்றுப்போகிறது.

ஒரு வருஷத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில் ஆங்கிலம் இப்படித்தான் இருக்கிறது. டெக் பேக் (ஆடையின் விவரக் குறிப்பு), மெஷர்மென்ட் சார்ட், லேப் டிப் கமெண்ட், சாயப்பட்டறை ரசாயன டிரம்மின் எச்சரிக்கை லேபிள், ஆடிட் படிவம், டெபிட் நோட் என்று எல்லாம் எழுத்தாக வருகிறது. பேச்சு வேண்டிய இடத்தில் பெரும்பாலும் தமிழே போதும், மிஞ்சினால் இந்தி. பேசத் தெரிந்தவர்களை ஊர் கொண்டாடுகிறது, படிக்கத் தெரிந்தவர்களால் ஊர் பிழைக்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் வங்காளத்தில் ஒருவர் இதையே கண்டு எழுதினார். மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். 1926-இல் வெளியான அவருடைய ஆய்வு, வங்காளச் சிறுவர்களுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலம் பேசுவது அல்ல, படிப்பது என்று வாதிட்டது. காப்பீட்டுத் தொழிலிலிருந்து ஒரு கருத்தை அவர் எடுத்தாண்டார். பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கையில் கிடைக்கும் சரண்டர் வேல்யூ நமக்குத் தெரியும். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைக்குக் கையில் என்ன மிஞ்சும் என்று அவர் கேட்டார். பாதி கற்ற பேச்சு பேச ஆளில்லாமல் கரைந்துவிடும், பாதி கற்ற வாசிப்பு கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் கொண்டு வளரும். பின்னாளில், 1953-இல், அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்கள் சுமார் இரண்டாயிரத்தைத் தொகுத்து வெளியிட்டவரும் இவரே.

திருப்பூருக்கு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகப் பொருந்தும். இங்கே எதுவும் பாதியில் நிற்கும். சீசன் வந்தால் ஒன்றரை ஷிப்ட், வகுப்பு நின்றுவிடும். ஊரில் திருவிழா, கல்யாணம், கூடுதல் கூலிக்கு வேறு கம்பெனி என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மாதம் ஹோட்டல் உரையாடல் படித்துவிட்டு நின்றுபோன பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? அதே மூன்று மாதம் மெஷர்மென்ட் சார்ட் படிக்கக் கற்றவளுக்கு அடுத்த கம்பெனியிலும் அதே சார்ட் காத்திருக்கிறது.

யார் அந்த மேசைக்குப் போக முடியும் என்பதையும் கேட்க வேண்டும். கைமடிப் பெண் ஒருத்தி அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போய் ஒரு தட்டும் ஒரு ஜூஸும் சொன்னால், அன்றைய கூலியில் பெரும்பகுதி போய்விடும். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள் வார்டன் அனுமதிக்கும் சில மணி நேரம்தான் வெளியே வருகிறார்கள். அதில் சோப்பு வாங்குவதா, வீட்டுக்குப் பணம் அனுப்புவதா, ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து வார்த்தை சேர்ப்பதா? இரவில் பையரோடு சாப்பிடப் போகும் வாய்ப்பு மெர்ச்சண்டைசிங்கில் இருக்கும் பெண்களுக்கே எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் விட மாட்டார்கள், ஆபீசிலும் ஆண்களைத்தான் அனுப்புவார்கள். மேசைதான் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு, ஊரில் பாதிப் பேரை உள்ளே விடாமல், 'உனக்குத் தைரியம் பத்தாது' என்று முடிக்கிறோம். தமிழ்வழியில் படித்து பி.காம். முடித்து வந்த பெண்கள் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "எனக்குக் கூச்சம் சார், அதான் இங்கிலீஷ் வரல." அவர்களிடம் ஒரு டெக் பேக்கைக் கொடுத்து, தமிழில் விளக்கி, ஒரு வாரம் கூட உட்கார்ந்தால் கூச்சம் தானாகப் போய்விடுகிறது. தெரிந்துகொண்டதால் வரும் தைரியம் அது.

வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஷிப்ட் நேரத்துக்குள், கூலியோடு, அரை மணி. அன்றைக்கு லைனில் ஓடுகிற ஆர்டரின் காகிதம்தான் பாடம். விளக்கம் தமிழில். டின்காம் சொன்ன எச்சரிக்கை எனக்கும் பொருந்தும் என்பதால், சட்டையின் உறுப்புகளையெல்லாம் பட்டியல் போட்டு ஒப்பிக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கமெண்ட் ஷீட்டில் நாலு வரி. அதில் வரும் நிபந்தனைச் சொல் எது, அளவு எது, தேதி எது. மறுநாள் வேறு ஷீட், அதே நிபந்தனைச் சொல் வேறு இடத்தில் வரும். ஐந்தாறு முறை வெவ்வேறு காகிதத்தில் கண்ட சொல்லை யாரும் ஒப்பிக்கத் தேவையில்லை. ஃபயர் டிரில்லுக்கும் ஆடிட் பயிற்சிக்கும் லைனை நிறுத்துகிற கம்பெனிகளுக்கு இந்த அரை மணி பாரமாகாது.

முதலாளிகளிடம் சொன்னால் ஒரே பதில்தான் வருகிறது. "கத்துக்கொடுத்தா அடுத்த கம்பெனிக்குப் போயிருவாங்க சார்." கற்றுக்கொடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறார்கள், ஷிப்டுக்குப் பத்து ரூபாய் கூடக் கிடைத்தால் போகிறார்கள். அவர்கள் போகும் இடம் எது? உங்கள் துணியை நிட்டிங் செய்கிற, சாயம் போடுகிற, ஜாப் ஒர்க்கில் உங்கள் ஆர்டரையே தைக்கிற இன்னொரு யூனிட். அங்கே உங்கள் லேபிள் போட்ட பீஸ் மேசைக்கு வரும்போது, கமெண்ட் ஷீட்டைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி நிற்பாள். அங்கிருந்து உங்களிடம் வேலை கேட்டு வருகிறவளும் படிக்கத் தெரிந்தே வருவாள். ஒரு பனியன் ஏழெட்டுக் கைமாறித் தயாராகும் ஊரில், ஒரு கம்பெனி கற்றுக்கொடுத்தது அந்த காம்பவுண்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்க வழியில்லை.